பந்தியில் இன்னொரு இலை: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து கான்ஃபரன்ஸ்கள் ஏன் பெருத்துக்கொண்டே போகின்றன?

அமெரிக்காவில் 'பிக் டென்' என்று ஒரு கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பு இருக்கிறது. பெயரில்தான் பத்து, உள்ளே போய் எண்ணினால் 18 பல்கலைக்கழகங்கள். 'பிக் 12' என்று இன்னொன்று, அதில் 16. 'அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்' என்ற மூன்றாவதில், பசிபிக் கடலோரத்தில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் உறுப்பினர்கள். பென் ஸ்டேட் வந்து சேர்ந்து பிக் டென்னின் எண்ணிக்கை பதினொன்று ஆனபோது, பெயரை மாற்ற மனம் வராமல், சின்னத்தில் எழுத்துகளின் இடைவெளியில் 11 என்ற எண்ணை ஒளித்து வரைந்தார்கள். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு அந்தக் கஷ்டமும் படவில்லை.

பெயரும் பொருந்தவில்லை, பூகோளமும் பொருந்தவில்லை. அப்படியும் ஏன் ஆள் சேர்த்துக்கொண்டே போகிறார்கள் என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில் 'பணம்'. சரிதான். ஆனால் அந்தப் பணம் எந்த வழியில் வருகிறது, புதிதாக ஒருவரைச் சேர்த்தால் ஏற்கெனவே இருப்பவருக்கு எப்படிக் கூடுகிறது என்பது அவ்வளவு நேரடியான கணக்கு இல்லை. அதைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

கான்ஃபரன்ஸ் என்றால் என்ன?

இங்கே பேசுவது நாம் காலால் உதைத்து ஆடும் கால்பந்து இல்லை. தலைக்கவசம் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்கக் கால்பந்து. கல்லூரி அணிதானே என்று லேசாக நினைத்துவிடக் கூடாது. ஆன் ஆர்பர் என்ற ஊரில் மிஷிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம்.

இந்தப் பல்கலைக்கழகங்கள் கூட்டுக் கூட்டாகச் சேர்ந்து வைத்துக்கொண்ட ஏற்பாடுதான் கான்ஃபரன்ஸ். யார் யாரோடு எப்போது ஆடுவது என்று அட்டவணை போடுவது அதன் வேலை. உறுப்பினர்களின் ஆட்டங்களை மொத்தமாகக் கட்டி டிவி நிறுவனத்துக்கு விற்பதும், வந்த பணத்தைப் பங்கு போட்டுக் கொடுப்பதும் அதன் வேலைதான். பிக் டென் 1896-இல் தொடங்கியது. அப்போது டிவி ஏது? அட்டவணையும் விதிமுறையும் மட்டும்தான். இன்று மற்ற வேலைகள் எல்லாம் பின்னுக்குப் போய், விற்பதும் பிரிப்பதும் முன்னுக்கு வந்துவிட்டன.

பிரிப்பதில் நீண்ட காலமாக ஒரு வழக்கம் உண்டு: பெரிய அணி, சின்ன அணி என்று பார்க்காமல் அனைவருக்கும் ஏறக்குறைய சம பங்கு. தென் மாநிலங்களின் எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸில் அலபாமாவுக்கு என்ன டிவி பணமோ, பல பத்தாண்டுகளாகத் தோற்றுப் பழகிய வாண்டர்பில்ட்டுக்கும் அதேதான். (2024 அக்டோபரில் அந்த வாண்டர்பில்ட், முதலிடத்தில் இருந்த அலபாமாவை 40-35 என்று கவிழ்த்தது. ரசிகர்கள் கோல்போஸ்ட்டைப் பிடுங்கி, நாஷ்வில் தெருக்களில் தூக்கிக்கொண்டு போய் கம்பர்லாண்ட் ஆற்றில் போட்டார்கள். அன்றைக்குச் சம பங்கைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.) இந்தச் சம பங்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது.

பானையா, கரண்டியா?

ஒரு கற்பனைக் கான்ஃபரன்ஸ். பத்து கல்லூரிகள், ஆண்டுக்கு டிவி வருமானம் 30 கோடி டாலர். ஆளுக்கு 3 கோடி. இப்போது பதினொன்றாவதாக ஒரு கல்லூரி வருகிறது. அது வந்ததால் டிவிக்காரர்கள் 2 கோடி கூட்டித் தருகிறார்கள். மொத்தம் 32 கோடி. பானை பெரிதாகிவிட்டது. ஆனால் பதினொன்றால் வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு 2.91 கோடி. பழைய ஆட்கள் ஒவ்வொருவருக்கும் 9 லட்சம் டாலர் நஷ்டம்.

அதே கல்லூரி 5 கோடி கொண்டுவந்தால்? மொத்தம் 35 கோடி, ஆளுக்கு 3.18 கோடி. இப்போது எல்லோருக்கும் 18 லட்சம் கூடுதல்.

விஷயம் இவ்வளவுதான். பந்தியில் இன்னொரு இலை போட வேண்டுமென்றால், வருகிறவர் தன் இலைக்கு வேண்டிய சோற்றுக்கு மேலும் கொண்டுவர வேண்டும். எவ்வளவு மேலே? இப்போது ஆளுக்கு எவ்வளவு விழுகிறதோ அதைத் தாண்டி. 'இந்தக் கல்லூரி வந்தால் இத்தனை கோடி வரும்' என்று செய்திகளில் படிக்கும்போது, அந்தத் தொகை பழைய சராசரிப் பங்குக்கு மேலா கீழா என்று பார்த்தால் போதும். பாதி வதந்திகள் அங்கேயே அடிபட்டுப் போகும்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. கான்ஃபரன்ஸ் பணக்காரக் கான்ஃபரன்ஸாக ஆக ஆக, உள்ளே வருவதற்கான வாசல் உயர்ந்துகொண்டே போகும். பிக் டென் 2022-23 நிதியாண்டில் ஏறத்தாழ 88 கோடி டாலர் ஈட்டியது. முழுப் பங்கு பெறும் கல்லூரிக்கு 6 கோடி அளவில் கிடைத்தது. ஆக, ஆண்டுக்கு 6 கோடிக்கு மேல் தனியாக மதிப்புக் கூட்டும் கல்லூரிதான் அங்கே முழுப் பங்கோடு நுழைய முடியும். நாடு முழுக்கத் தேடினாலும் அப்படிப்பட்டவை கைவிரலில் எண்ணும் அளவுதான்.

1984-இல் திறந்த கதவு

இந்தச் சந்தை எப்போதும் இருந்தது இல்லை. முன்பு கல்லூரி விளையாட்டின் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ.தான் டிவி உரிமை முழுவதையும் கையில் வைத்திருந்தது. அதன் திட்டப்படி எந்த அணியும் இரண்டு ஆண்டுகளில் ஆறு முறைக்கு மேல் டிவியில் வரக் கூடாது. டிவியில் காட்டினால் மைதானத்துக்குக் கூட்டம் வராது என்ற பயம்தான் பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்ட காரணம். ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. 1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில், இது போட்டியை முடக்கும் ஏற்பாடு, சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை எதிர்த்த இரு நீதிபதிகளில் ஒருவர் பைரன் வைட். இளமையில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் நட்சத்திரக் கால்பந்து வீரர் அவர்.

தீர்ப்பு வந்த பிறகு யார் வேண்டுமானாலும் தங்கள் ஆட்டத்தைத் தாங்களே விற்கலாம் என்றாகிவிட்டது. தனியாக விற்றால் பேரம் பேச வலு இல்லை, கூட்டாக விற்றால் உண்டு. கான்ஃபரன்ஸ்களுக்கு உண்மையான பண மதிப்பு வந்தது அப்போதுதான்.

பன்னிரண்டு என்ற மந்திர எண்

முதல் பெரிய விரிவாக்கத்துக்குக் காரணம் விதிப்புத்தகத்தில் கிடந்த ஒரு வரி. 12 உறுப்பினர்கள் இருந்து, இரண்டு பிரிவாகப் பிரித்து ஆடினால், பிரிவு வெற்றியாளர்களுக்கு இடையே கூடுதலாக ஓர் இறுதியாட்டம் வைத்துக்கொள்ளலாம். கீழ்மட்டத்தில் இருந்த சிறிய கான்ஃபரன்ஸ்களை நினைத்து எழுதிய விதி அது. எஸ்.இ.சி.யின் கமிஷனர் ராய் கிரேமர் அதில் பணத்தைப் பார்த்தார். பத்துப் பேர் இருந்த எஸ்.இ.சி.யில் ஆர்கன்சாவும் தென் கரோலினாவும் சேர்ந்தன. 1992 டிசம்பரில் பர்மிங்ஹாமில் முதல் இறுதியாட்டம் நடந்தது. அலபாமா 28-21 என்று ஃபுளோரிடாவை வென்றது.

ஒரே ஒரு ஆட்டம்தான். ஆனால் டிக்கெட், டிவி, விளம்பரம் எல்லாம் முழுக்கக் கான்ஃபரன்ஸுக்கு. இருவர் கூடுதலாகப் பங்குக்கு வந்தாலும், அந்த ஒரு ஆட்டம் நஷ்டத்தை ஈடுகட்டி மிச்சமும் வைத்தது. மற்றவர்கள் விடுவார்களா? ஏ.சி.சி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ், பிக் ஈஸ்ட் என்ற இன்னொரு கான்ஃபரன்ஸிலிருந்து மூன்று கல்லூரிகளை இழுத்து 12 ஆனது. பிக் டென் 2011-இல் நெப்ராஸ்காவைச் சேர்த்து 12-ஐத் தொட்டு, அதே டிசம்பரில் தன் முதல் இறுதியாட்டத்தை நடத்தியது.

கேபிள் பில்லில் ஒரு டாலர்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 2007 ஆகஸ்டில் பிக் டென், ஃபாக்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து சொந்தமாக ஒரு டிவி சேனல் ஆரம்பித்தது. அதன் வருமானம் விளம்பரத்தைவிட, கேபிள் சந்தாவைத்தான் அதிகம் நம்பியது. கான்ஃபரன்ஸ் உறுப்பினர் இருக்கும் மாநிலத்தில், ஒவ்வொரு கேபிள் வீட்டுக்கும் மாதம் ஒரு டாலர் அளவில் வசூல். உறுப்பினர் இல்லாத மாநிலத்தில் பத்து சென்ட் போல. இதுதான் அன்று பரவலாகச் சொல்லப்பட்ட கணக்கு.

இப்போது பெருக்கிப் பாருங்கள். ஒரு மாநிலத்தில் 10 லட்சம் கேபிள் வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். பத்து சென்ட் என்றால் ஆண்டுக்கு 12 லட்சம் டாலர். ஒரு டாலர் என்றால் 1.2 கோடி. அந்த மாநிலத்திலிருந்து ஒரே ஒரு கல்லூரியைச் சேர்த்துக்கொண்டால் வசூல் பத்து மடங்கு. அந்தக் கல்லூரி ஜெயிக்கிறதா தோற்கிறதா என்ற கேள்வியே எழவில்லை.

2014-இல் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸும் மேரிலாண்டும் பிக் டென்னுக்குள் வந்தது இப்படித்தான். 1869 நவம்பரில் பிரின்ஸ்டனோடு முதல் கல்லூரிக் கால்பந்து ஆட்டத்தை ஆடிய பெருமை ரட்கர்ஸுக்கு உண்டு. சமீபத்திய பெருமை என்று கால்பந்தில் பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் பக்கத்தில் நியூ யார்க் இருக்கிறது. மேரிலாண்டுக்குப் பக்கத்தில் வாஷிங்டன் இருக்கிறது. எடிசன், நியூ பிரன்ஸ்விக் பக்கம் குடியிருக்கும் நம் ஆட்களில் எத்தனையோ பேர் தமிழ் சேனலுக்காகக் கேபிள் வைத்திருப்பார்கள், கால்பந்து பக்கமே திரும்பியிருக்க மாட்டார்கள். அதனால் என்ன, பேக்கேஜில் அந்தச் சேனல் இருந்தால் அவர்கள் கட்டிய பில்லிலும் பிக் டென்னுக்கு ஒரு பங்கு போயிருக்கும்.

ரட்கர்ஸ் களத்தில் அடி வாங்கும்போதெல்லாம் 'இவர்களை எதற்குச் சேர்த்தார்கள்?' என்று கேலி செய்வது ரசிகர்களின் வழக்கம். என்னைக் கேட்டால், கணக்குப் புத்தகத்தில் ரட்கர்ஸ் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. அதைச் சேர்த்தது கோல்போஸ்ட்டைப் பார்த்து இல்லை, கேபிள் இணைப்புகளைப் பார்த்து. மேரிலாண்டோ, ஏ.சி.சி.யை விட்டு வருவதற்கு 3.1 கோடி டாலருக்கு மேல் இழந்துவிட்டுத்தான் வந்தது. நீண்ட கால வருமானம் அதைத் தின்று செரித்துவிடும் என்று அவர்கள் போட்ட கணக்கு அது.

கேபிள் அறுந்ததும் கணக்கு மாறியது

அப்புறம் ஜனங்கள் கேபிளைத் துண்டிக்க ஆரம்பித்தார்கள். 2011 வாக்கில் ஈ.எஸ்.பி.என். என்ற விளையாட்டுச் சேனல் 10 கோடி வீடுகளில் இருந்தது. அடுத்த பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகளில் அது 7 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. பார்க்காதவரிடமும் வசூலிக்கும் வித்தை வலுவிழந்தது. இனி உண்மையிலேயே யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்பதுதான் காசு.

அதே சமயம் தொடர்களையும் படங்களையும் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றாகிவிட்டதால், நேரலையில் மட்டுமே சுவைக்கிற விளையாட்டின் மதிப்பு ஏறியது. எஸ்.இ.சி.யின் சிறந்த ஆட்டங்களுக்கு சி.பி.எஸ். ஆண்டுக்கு 5.5 கோடி டாலர்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. அதே உரிமைக்கு 2024 முதல் ஈ.எஸ்.பி.என். ஒப்புக்கொண்டது ஆண்டுக்குச் சுமார் 30 கோடி.

இப்படிப்பட்ட சந்தையில் மாநிலத்தின் மக்கள்தொகையைவிட அணியின் பெயர் முக்கியம். அதிலும் தனிப்பெயர் போதாது, பெயருக்குப் பெயர் மோத வேண்டும். இங்கே ஒரு சின்னக் கூட்டல் பார்க்கலாம். கான்ஃபரன்ஸில் மூன்று பெரிய பெயர்கள் இருந்தால் அவர்களுக்குள் சாத்தியமான ஜோடிகள் மூன்று. ஐந்து பெயர்கள் ஆனால் பத்து. ஆறு ஆனால் பதினைந்து. எல்லா ஜோடியும் ஒவ்வோர் ஆண்டும் மோதாது என்பது உண்மைதான், ஆனால் பெயர்கள் கூடும் வேகத்தைவிடப் பெரிய ஆட்டங்கள் கூடும் வேகம் அதிகம். ஒஹாயோ ஸ்டேட், மிஷிகன், பென் ஸ்டேட் இருந்த இடத்தில் யு.எஸ்.சி.யும் ஓரிகனும் வந்தால் டிவிக்காரர் கண்ணுக்குத் தெரிவது இரண்டு கல்லூரிகள் இல்லை, புதிதாக ஏழு பெரிய ஜோடிகள்.

2022 ஆகஸ்டில் பிக் டென் போட்ட ஒப்பந்தத்தைப் பார்த்தால் இது விளங்கும். ஏழு ஆண்டுகள், 700 கோடி டாலருக்கு மேல் என்று செய்தி. சனிக்கிழமையை மூன்றாக வெட்டி விற்றார்கள். கிழக்கு நேரப்படி நண்பகல் ஃபாக்ஸுக்கு, பிற்பகல் 3:30 சி.பி.எஸ்.ஸுக்கு, இரவு என்.பி.சி.க்கு. மூன்று பந்திக்கும் வாரா வாரம் கனமான ஆட்டம் பரிமாற வேண்டுமே, அதற்குப் பெயருள்ள அணிகள் நிறைய வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸின் யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் வரப்போவதாக அறிவித்தது அந்த ஒப்பந்தத்துக்கு ஏழு வாரம் முன்னால், ஜூன் 30 அன்று. மேற்குக் கரை அணிகள் உள்ளே வந்தால் இன்னொரு வசதியும் உண்டு. அங்கே மாலை 7 மணி என்றால் கிழக்கில் இரவு 10. நாலாவது பந்தியும் போடலாம்.

பேக்-12 சரிந்த கதை

இந்தக் கணக்கில் ஜெயித்தவர்களைப் பார்த்தோம். தோற்றவர் பேக்-12. மேற்குக் கரையில் நூறாண்டுக்கு மேல் வேர் விட்டிருந்த கான்ஃபரன்ஸ். லாஸ் ஏஞ்சலிஸின் இரண்டு கல்லூரிகளும் போகிறோம் என்றதும் அதன் மதிப்பு இறங்கியது. மிச்சம் இருந்தவர்களுக்கு ஆப்பிள் நிறுவனம் இணையவழி ஒளிபரப்புக்கு ஒரு விலை சொன்னது. ஆளுக்கு ஆண்டுக்கு 2.3 முதல் 2.5 கோடி டாலர், சந்தாதாரர்கள் கூடினால் மேலே என்று செய்திகள் வந்தன. பிக் 12-லோ ஆளுக்கு 3.17 கோடி. போதாக்குறைக்கு, பெரிய கான்ஃபரன்ஸிலிருந்து யாரையாவது புதிதாகச் சேர்த்தால் அவருக்கும் அதே அளவு பணத்தை டிவி நிறுவனங்கள் தர வேண்டும் என்று பிக் 12 தன் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தது. வருகிறவரின் இலைக்கு வேறொருவர் சோறு போடுவார் என்றால் சேர்க்க யோசிப்பானேன்?

2023 ஜூலை கடைசியில் கொலராடோ கிளம்பியது. ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஐந்து கல்லூரிகள். ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12-க்கு. கடைசியில் ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும் நடுத்தெருவில் நின்றன. ஆட்டம் மோசம் என்று யாரும் அவற்றை ஒதுக்கவில்லை. கொர்வாலிஸ், புல்மன் என்ற சிற்றூர்களில் இருக்கும் கல்லூரிகள் அவை, சராசரிப் பங்கைத் தாண்டிக் கொண்டுவர முடியாது என்று கணக்கு சொன்னது.

செலவுப் பக்கம்

வரவை மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கு. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூ ஜெர்சிக்குச் சுமார் 4,000 கிலோமீட்டர். கால்பந்து அணி வாரம் ஒருமுறை தனி விமானத்தில் போய் வந்துவிடும். வாலிபால், சாஃப்ட்பால் ஆடும் மாணவிகளின் நிலைமை வேறு. அவர்களுக்குப் பயணம் அதிகம், அவர்கள் ஆட்டத்தால் வரும் டிவி பணம் சொற்பம். ஆனால் கான்ஃபரன்ஸ் மாறினால் அவர்களும்தான் மாற வேண்டும். யு.சி.எல்.ஏ. போன கையோடு, அதே மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் இருக்கும் பெர்க்லிக்கு நஷ்டம் ஏற்பட்டதென்று, ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் அதற்குக் கொடுக்கும்படி ஆட்சிமன்றம் 2024-இல் சொல்லிவிட்டது. கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் தனிக்குடித்தனம் போனால் என்ன நடக்குமோ, அதேதான்.

பழைய பகைகள் உடைவதும் ஒரு செலவு. ஓக்லஹோமாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் நூறாண்டுக்கு மேலாக வருடா வருடம் மோதி வந்தன. ஓக்லஹோமா எஸ்.இ.சி.க்குப் போகும் என்று முடிவானதால் 2023-ஆம் ஆண்டு ஆட்டத்தோடு அது நின்றது. மறுபக்கம், 2011-இல் அறுந்த டெக்சஸ், டெக்சஸ் ஏ அண்ட் எம் பகை, இருவரும் எஸ்.இ.சி.யில் சேர்ந்ததால் 2024-இல் மறுபடி துளிர்த்தது. ஒன்றை உடைத்ததும் பணம்தான், இன்னொன்றை ஒட்டவைத்ததும் பணம்தான். டெக்சஸும் ஓக்லஹோமாவும் ஓராண்டு முன்னதாகவே பிக் 12-ஐ விட்டு வெளியேறுவதற்குச் சேர்ந்து கட்டிய விலை 10 கோடி டாலர்.

வந்த பணம் எங்கே போகிறது? பெரும்பங்கு பயிற்சியாளர்களுக்கும் கட்டடங்களுக்கும். டெக்சஸ் ஏ அண்ட் எம் 2023-இல் தன் தலைமைப் பயிற்சியாளரை அனுப்பியபோது, வேலை பார்க்காமல் இருப்பதற்காக அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கு மேல். 2025-இல் நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசத்துக்குப் பிறகு, கல்லூரிகள் வீரர்களுக்கே நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். ஆகவே, ஆண்டுக்கு 3 கோடி பெறும் கல்லூரிக்கும் 6 கோடி பெறும் கல்லூரிக்கும் உள்ள தூரம் இனி நல்ல வீரன் எங்கே சேர்வான் என்பதையும் தீர்மானிக்கும். கையில் இருக்கும் பங்கே போதும் என்று யாராலும் சும்மா இருக்க முடியாதது இதனால்தான்.

அரைப் பங்கு, கால் பங்கு, பூஜ்யம்

சராசரியைத் தாண்ட முடியாதவர் உள்ளே வர ஒரு வழி இருக்கிறது. குறைந்த பங்குக்கு ஒப்புக்கொள்வது. நம் பழைய உதாரணத்தில் புதியவர் 2.5 கோடிதான் கொண்டுவருகிறார் என்று வையுங்கள். முழுப் பங்கு கொடுத்தால் மற்றவர்களுக்கு நஷ்டம். அரைப் பங்கு போதும் என்று அவர் சொன்னால், 32.5 கோடியைப் பத்தரையால் வகுக்க வேண்டும். பழையவர்களுக்கு 3.10 கோடி, புதியவருக்கு 1.55 கோடி. எல்லோர் முகத்திலும் சிரிப்பு.

ஓரிகனும் வாஷிங்டனும் இப்படித்தான் பிக் டென்னில் ஏறக்குறைய அரைப் பங்கில், 3 கோடி டாலர் அளவில், நுழைந்தன. ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் ஏ.சி.சி.யில் முதல் ஏழு ஆண்டுகளுக்கு 30 சதவீதப் பங்குக்கு ஒப்புக்கொண்டன. டாலஸில் இருக்கும் எஸ்.எம்.யு. எல்லோரையும் மிஞ்சியது. ஒன்பது ஆண்டுகளுக்கு டிவி பணத்தில் ஒரு பைசா வேண்டாம், உள்ளே விட்டால் போதும் என்றது. செலவைப் பார்த்துக்கொள்ளப் பணக்கார முன்னாள் மாணவர்கள் இருக்கிறார்கள். உறுப்பினர் கூடினால் ஈ.எஸ்.பி.என். கூட்டித் தர வேண்டும் என்று ஏ.சி.சி.யின் ஒப்பந்தம் சொல்கிறது. புதியவர்கள் பெயரில் வந்து, அவர்கள் எடுத்துக்கொள்ளாமல் விட்ட அந்தப் பணம் பழைய உறுப்பினர்களுக்குப் போகிறது.

அப்படியும் ஏ.சி.சி.யின் பெரிய தலைகளுக்குத் திருப்தி இல்லை. ஃபுளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் வழக்குப் போட்டன. கூட்டம் பார்ப்பது எங்கள் ஆட்டத்தை, பங்கு மட்டும் எல்லோருக்கும் சமமா என்பது அவர்கள் குறை. 2025 மார்ச்சில் சமரசம் ஆனது. டிவி வருமானத்தில் 40 சதவீதம் சமமாகப் பிரியும், மீதி 60 சதவீதம் யாருடைய ஆட்டத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்துப் பிரியும். அங்கே இப்போது இலைக்கு இலை கரண்டியின் அளவு வேறு.